குரைக்காத காவல்காரன்: புல்மாஸ்டிஃபோடு ஆறரை வருஷம்

சேலத்திலிருந்து மச்சான் போன் பண்ணினான். "மாமா, ராயக்கோட்டைத் தோட்டத்துக்கு உங்க பூசணி மாதிரி ஒரு குட்டி வேணும். விலை இறங்கியிருக்காமே?" வேறு யாராவது கேட்டிருந்தால் ரெண்டு வரியில் முடித்திருப்பேன். இவன் கேட்டதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

பூசணி எங்கள் வீட்டு நாய், புல்மாஸ்டிஃப் இனம். எடை, உயரம், நிறம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. என் குறை ஒன்றே ஒன்று: பூசணி குரைக்க மாட்டான்.

பெங்களூரு ஹொரமாவில் 30க்கு 40 சைட்டில் வீடு கட்டிக் குடிவந்த வருஷம், எங்கள் தெருவில் ரெண்டு வீட்டில் திருட்டு. அந்தப் பயத்தில்தான் வாங்கினேன். தலை பெரிதாக இருந்ததால் மகள் பூசணி என்று பேர் வைத்தாள். இளநீர் வண்டி வந்தால் தெருவிலுள்ள அத்தனை நாயும் குரைக்கும், எதிர்வீட்டுப் பொமரேனியன் உட்பட. இவன் மட்டும் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மோவாயைத் தரையில் வைத்துவிடுவான். கேஸ்காரர், கூரியர், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லோரும் வந்து போனது எங்களுக்கே தெரியாது. "ஏன் சார், நிம் நாயி பொகளோதே இல்லவல்லா" (உங்க நாய் குரைப்பதே இல்லையே) என்று கன்னடத்தில் எதிர்வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை குத்திக் காட்டுவார். தொண்டையில் ஏதாவது கோளாறோ என்று டாக்டரிடம் கூட்டிப்போய் ஐநூறு ரூபாய் அழுதேன். தொண்டை பிரமாதமாக இருக்கிறதாம்.

மூன்றாவது வருஷம் மச்சான் வந்தான். குட்டியாக இருந்தபோது ஒரே ஒருமுறை பூசணியைப் பார்த்தவன். ராத்திரி பஸ்ஸில் வந்து சில்க் போர்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தபோது மணி நாலே முக்கால். அக்காவை எழுப்ப வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் காம்பவுண்ட் ஏறிக் குதித்திருக்கிறான். ஒரு சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லை. ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுக்கப் போன என் மனைவிதான் பார்த்தாள். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் தம்பி மல்லாக்கக் கிடக்கிறான், அவன் மார்மேல் 56 கிலோ. வாயைத் திறந்தாலே ஒரு உறுமல். "அக்கா, நாயை எடு" என்று கிசுகிசுத்தானாம். முகமெல்லாம் ஜொள்ளு. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அதற்கப்புறம்தான் இந்த இனத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பிரபுக்களின் காடுகளில் மானும் முயலும் திருட ராத்திரியில் ஆட்கள் வருவார்கள். 1828இல் வந்த இரவு வேட்டைச் சட்டப்படி தண்டனை நாடுகடத்தல் வரை போகும். அதனால் பிடிபடுவதைவிடக் காவல்காரனைச் சுட்டுவிட்டு ஓடலாம் என்று துணிந்தவர்கள் உண்டு. நாய் குரைத்தால் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பும். சத்தம் காட்டாமல் இருட்டில் கிட்டே போய், ஆளைத் தள்ளி, கடித்துக் குதறாமல், காவல்காரன் வரும்வரை அமுக்கி வைத்திருக்கிற நாய்தான் வேண்டியிருந்தது. மாஸ்டிஃபுக்குப் பலம் உண்டு, வேகம் போதாது. அந்தக் காலத்துப் புல்டாக் பிடித்தால் விடாத முரடு (இன்றைக்குக் குறட்டை விட்டுத் தூங்குகிறதே, அது வேறு ரகம்). 60 பங்கு மாஸ்டிஃப், 40 பங்கு புல்டாக் என்பது கணக்கு. இருட்டோடு இருட்டாகக் கலக்கிற கரும்வரி நிறத்துக்குத்தான் அப்போது மவுசு. நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரிட்டனின் கென்னல் கிளப் 1924இல் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

தலைமுறை தலைமுறையாகக் குரைப்பை வடிகட்டி எடுத்த நாயைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, குரைக்கவில்லை என்று டாக்டரிடம் கொண்டுபோன ஆள் நான்.

புரிந்துவிட்டதால் கோபம் போய்விடவில்லை. எனக்கு வேண்டியது திருடன் வராமலே இருப்பது. வந்தவனைப் பத்திரமாகப் பிடித்து வைத்து என்னிடம் ஒப்படைத்தால் நான் என்ன செய்வேன்? பனியனோடு போய் நிற்க எனக்கு என்ன ஜமீனா இருக்கிறது?

மற்றபடி குணத்தில் தங்கம். மகள் அவன் வயிற்றில் சாய்ந்துகொண்டுதான் ஹோம்வொர்க் எழுதுவாள். வேறு ஆண் நாயைக் கண்டால் மட்டும் ஆகாது. வீம்பும் ஜாஸ்தி, பிடிக்கவில்லை என்றால் நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவான், பின்னால் பிஎம்டிசி பஸ் ஹார்ன் அடித்தாலும் சரி. ஜொள்ளு துடைக்கப் பழைய வேட்டியைக் கிழித்து அறைக்கு ஒரு துண்டு தொங்கவிட்டிருக்கிறோம்.

மூக்கு குட்டை, வெயில் தாங்காது. 2024 ஏப்ரலில் இங்கேயே 38 டிகிரி தாண்டியது. டேங்கர் தண்ணீர் வாங்கிக் குளித்த அந்தக் கோடையில், பாத்ரூம் ஈரச் சாக்கை அவன் விடவே இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் மத்திய அரசு 23 ரக நாய்களுக்குத் தடை என்று சுற்றறிக்கை விட்டது. பட்டியலில் மாஸ்டிஃப் என்ற சொல்லும் இருந்ததால் இவனும் சேர்த்தியா என்று தெருவில் ஒரே விவாதம். ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் எதிர்வீட்டுக்காரர் அடங்கினார்.

இந்த இனத்துக்கு ஆயுள் எட்டு முதல் பத்து வருஷம். போன மாதம் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப் பெட்ஷீட்டில் வைத்து நாலு பேர் காருக்குத் தூக்கினோம். ஒரு முனகல்கூட இல்லை. அந்த நேரத்திலாவது கத்தித் தொலைத்திருக்கலாம்.

மச்சானுக்கு என் பதில்: வேண்டாம். ராயக்கோட்டை வெயிலுக்கும் தோட்டத்துக்கும் நம்மூர் நாட்டு நாய் கோம்பை வாங்கு, காகம் உட்கார்ந்தாலும் குரைக்கும். அதையும் மீறி இதுதான் வேண்டும் என்றால் முதல் நாளே கேட்டில் பலகை மாட்டிவிடு. எங்கள் கேட்டில் 'நாயி இதெ, எச்சரிகெ' என்றுதான் இருந்தது. நீ வந்துபோன வாரம் பெயின்ட் வாங்கி வந்து, அதன் கீழே 'பொகளல்ல' (குரைக்காது) என்று சேர்த்து எழுதினேன்.