ஓபன்ஃபோமில் டைம் ஸ்டெப்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்த் தொட்டிகளை வடிவமைக்கும் வேலை என்னுடையது. தொட்டிக்குள் நீர் எப்படிப் பாய்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்கப் பல வருடமாக ஓபன்ஃபோம் என்ற நீரோட்டக் கணிப்பு மென்பொருள்தான். இலவசம், நிரலையும் திறந்து பார்க்கலாம். புதிதாக வருகிற பிள்ளைகள் தடுமாறுவது டைம் ஸ்டெப்பில் (கணக்கு ஒரு தடவைக்கு முன்னேறும் நேர அளவு) என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

தொட்டியைக் கணக்குக்காகச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிக்கிறோம், அந்த வலைதான் மெஷ். ஒரு ஸ்டெப்பில் நீர் ஒரு செல்லுக்கு மேல் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் அடிப்படை. வேகத்தை டைம் ஸ்டெப்பால் பெருக்கிச் செல் நீளத்தால் வகுத்தால் கூரான்ட் எண். 1928-இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் எழுதிய கட்டுரையில் இருந்து வந்தது. நொடிக்கு 2 மீட்டர் வேகம், 1 சென்டிமீட்டர் செல் என்றால் 0.005 நொடியில் அது 1 ஆகிவிடும். நீரும் காற்றும் சேர்ந்த ஓட்டத்தைக் கணக்கிடும் இன்டர்ஃபோம் நிரலில் நான் 0.5-ஐத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் நீர்மட்டக் கோடு கலங்கிப்போகிறது. அட்ஜஸ்ட் டைம் ஸ்டெப்பை இயக்கி, மேக்ஸ் கோ (எங்கும் உள்ள அதிகபட்சக் கூரான்ட் எண்), மேக்ஸ் ஆல்ஃபா கோ (நீர்மட்டக் கோட்டருகே உள்ளது) இரண்டுக்கும் வரம்பு கொடுத்தால் ஸ்டெப்பை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் உண்மையான தலைவலி மெஷ்ஷில் இருக்கிறது. குழாய் வந்து தொட்டியில் சேரும் மூலையில் சப்பையாக ஒரு செல் விழுந்தால் போதும், மொத்தத் தொட்டியும் அந்த ஒரு செல்லுக்காகக் காத்துக் கிடக்கும். ஓட்டத்தின் பதிவான லாகில் சராசரி கூரான்ட் எண் 0.01-கூட இருக்காது, அதிகபட்சம் மட்டும் வரம்பில் முட்டி நிற்கும், டெல்டா டி, அதாவது டைம் ஸ்டெப், மைக்ரோ நொடிகளுக்கு இறங்கியிருக்கும். எந்தச் செல் என்று லாக் சொல்லாது; எனக்கு இந்த மென்பொருளில் பெரிய குறை அதுதான். அப்போது வரம்பை ஏற்றிப் பார்க்காதீர்கள். போஸ்ட் பிராசஸில் ஒவ்வொரு செல்லுக்கும் கூரான்ட் எண்ணை எழுதச் சொல்லி, விடையைப் படமாகக் காட்டும் பாராவியூவில் அதிகமுள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். மூலை தானாகக் கண்ணில் படும். அங்கே மெஷ்ஷைச் சரிசெய்தாலே இரவு முழுக்க ஓடுகிற வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

அப்புறம், டைவர்ஜ் ஆகாமல் (எண்கள் கட்டுமீறிப் போகாமல்) ஓடி முடிந்தால் விடை சரி என்று ஆகிவிடாது. இம்ப்ளிசிட் ஆய்லர் என்ற நேரக் கணக்கு முறை பெரிய ஸ்டெப்பையும் தாங்கும், ஆனால் சுழல்களை மழுக்கிவிடும். ஸ்டெப்பைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டி, தேங்கும் இடம் மாறவில்லை என்று பார்த்த பிறகே வரைபடத்தைக் கையை விட்டு அனுப்புகிறேன். செல்லையும் பாதியாக்குவது வேறு கதை: மூன்று திசையிலும் சேர்த்து செல் 8 மடங்கு, ஸ்டெப்பும் பாதி, ஆக வேலை 16 மடங்கு. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் கணினி அதைத் தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும்.

விடைக் கோப்பு எழுதுவதற்கு அட்ஜஸ்டபிள் ரன் டைம் என்ற அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் எப்படி மாறினாலும் 0.5, 1.0 என்று நீங்கள் கேட்ட நொடியிலேயே விழும். இரண்டு ஓட்டங்களை ஒப்பிட அது இருந்தே ஆக வேண்டும். கரண்ட் போனாலும் லேட்டஸ்ட் டைம் கொடுத்துக் கடைசிக் கோப்பிலிருந்து தொடரலாம்.