குங்கொலிம் ஃபெனி பண்ணை: ஒரு பண்ருட்டிக்காரியின் மதிப்பீடு

ஃபெனி என்பது கோவாவில் பெரும்பாலும் முந்திரிப் பழத்திலிருந்து காய்ச்சும் சாராயம். கோவா போய்விட்டு வந்தவர்கள் பலர் "ஃபெனியா? அந்த நாற்றம் தாங்காது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அவர்கள் குடித்தது கடற்கரை ஓரத்தில் லேபிள் இல்லாத பாட்டிலில் கொடுத்த ஏதோ ஒன்றாக இருக்கும். அதை வைத்து ஃபெனியை எடை போடுவது, பஸ் ஸ்டாண்டில் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு நீலகிரித் தேயிலையே சரியில்லை என்பது போல. நல்ல ஃபெனி எப்படி இருக்கும், எந்தப் பழத்திலிருந்து எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் தெற்கு கோவாவில் குங்கொலிம் ஊரில் இருக்கும் ஃபசெண்டா கசூலோ என்ற ஃபெனி பண்ணைக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். என் மதிப்பீடு இதுதான்: தாராளமாகப் போகலாம். முந்திரித் தோப்பு வைத்திருப்பவர் என்றால் கட்டாயம் போக வேண்டும்.

நான் அந்த இரண்டாவது வகை. பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரிக் காடு உண்டு. கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பாக்கி விற்பதுதான் குடும்பத் தொழில். எங்கள் ஊரில் பழத்தைத் தொழிலாக யாரும் பார்ப்பதில்லை. கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவோம். கொஞ்சம் மாடு தின்னும், கொஞ்சம் ஆடு தின்னும், பிள்ளைகள் உப்பு தொட்டுக்கொண்டு தொண்டை கரகரக்கத் தின்பார்கள், சட்டையில் பட்ட கறைக்கு வீட்டில் திட்டு வாங்குவார்கள். மிச்சமெல்லாம் அழுகி மண்ணுக்குப் போகும். கொட்டையைவிடப் பழத்தின் எடை பல மடங்கு. அப்படியென்றால் ஒவ்வொரு சித்திரையிலும் காடு காடாக எவ்வளவு வீணாகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோவாவில் அதே பழத்தை வைத்து ஒரு மாநிலமே பெருமைப்படுகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பண்ணையை நடத்துபவர் ஹான்சல் வாஸ். நிலவியல் படித்தவர், குடும்பம் அதற்கு முன்பிருந்தே ஃபெனித் தொழிலில் இருக்கிறது. சுற்றிக் காட்ட வந்த இளைஞர் எங்களை முதலில் மரங்களுக்குக் கீழேதான் அழைத்துப் போனார், அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. பாட்டிலில் ஆரம்பித்துப் பாட்டிலில் முடிக்கும் சுற்றுலா இல்லை இது. பழத்தைப் பறிக்கவே கூடாது, தானாக விழுந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னார். என் வீட்டுக்காரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் கொட்டைக்காகச் செய்வதும் அதேதான். முற்றிய கொட்டை வேண்டுமானால் பழம் தானாக விழ வேண்டும். அங்கே அதே விதி இனிப்புக்காக.

அப்புறம் பாதாள அறை. சுவர் ஓரமாகப் பெரிய பெரிய கண்ணாடிக் குடுவைகள், கழுத்து குறுகி வயிறு பெருத்தவை. கர்ராஃபாவ் என்கிறார்கள். போர்த்துகீசியர் காலத்துச் சொல், போர்த்துகீசியர் காலத்துப் பழக்கம். ஃபெனியை மரப்பீப்பாயில் போடாமல் இந்தக் கண்ணாடியில்தான் வைக்கிறார்கள். அதனால் நிறம் ஏறுவதில்லை. எத்தனை வருஷம் இருந்தாலும் தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கிறது. மரத்தின் வாசம் கலக்காததால் பழத்தின் வாசம் மட்டுமே நிற்கிறது. முந்திரி மரமே போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தது என்பது நமக்குத் தெரியும். அதே மரம் நம் கடலூர் மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் பழத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாம் கொட்டையைப் பிடித்துக்கொண்டோம்.

சுவைத்துப் பார்ப்பதற்கு ஊற்று நீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது எவ்வளவு சுகம் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் முந்திரி ஃபெனி, சின்னக் கிளாஸில் ஒரு விரற்கடை. முகர்ந்த உடனே எனக்கு வந்தது எங்கள் களத்து மேட்டு வாசம்: வெயிலில் வெடித்துக் கிடக்கும் பழத்தின் இனிப்பு, அதோடு கொஞ்சம் புளிப்பு, அடியில் பச்சை இலை கசக்கின மாதிரி ஒன்று. வாயில் விட்டால் முதலில் சூடு, பிறகு பழம். தொண்டை கரகரப்பு இல்லவே இல்லை. பழத்தில் இருக்கிற துவர்ப்பு காய்ச்சும்போது பானையிலேயே தங்கிவிடுகிறது. 42 சதவீதத்தை ஒட்டிய சாராயம் இது, விளையாட்டு இல்லை; மெதுவாகத்தான் குடிக்க வேண்டும். குடித்து முடித்த காலி கிளாஸைப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். சாராய நெடி போய், காய்ந்த பழ வாசம் மட்டும் இருக்கும். நல்லதையும் கலப்படத்தையும் பிரிக்க எனக்கு அந்தக் காலி கிளாஸ்தான் உதவியது.

தேங்காய் ஃபெனி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தென்னங்கள்ளைக் காய்ச்சி எடுப்பது அது. மென்மையாக இருந்தது, ஆனால் பேசவில்லை. துக்‌ஷிரி என்று ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நன்னாரி வேரை ஊறப்போட்ட ஃபெனி. கோவாக்காரர்கள் வயிற்றுக்கு நல்லது என்று மருந்து மாதிரி வீட்டில் வைத்திருப்பார்களாம். கோடையில் நன்னாரி சர்பத் குடித்து வளர்ந்த யாருக்கும் முதல் சொட்டிலேயே அது தெரிந்துவிடும். மருந்து விஷயம் எனக்குத் தெரியாது, வாசம் தெரியும். என்னைப் பொறுத்தவரை அன்றைக்குச் சுவைத்ததில் அதுதான் முதல் இடம்.

இங்கே பார்ப்பது அழகாகத் தொகுத்துக் காட்டும் அனுபவம். உழைப்பைப் பார்க்க வேண்டுமானால் சத்தரி தாலுகாவில் வால்பொய் பக்கம் போக வேண்டும். பருவத்தில், அதாவது மார்ச்சிலிருந்து மே வரை, அங்கே காட்டு ஓரங்களில் காய்ச்சும் கொட்டகைகள் இயங்குகின்றன. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு குடும்பத்தின் கொட்டகைக்குப் போனோம். பாறையைத் தொட்டி மாதிரி குடைந்து வைத்திருக்கிறார்கள், கொளம்பி என்று பெயர். அதில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிக்கிறார்கள். மிதித்த சக்கையைக் கையால் குவித்து, காட்டுக் கொடியை வரிந்து சுற்றி, ஒரு பெரிய வட்டமாகக் கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றிவிடுகிறார்கள். அதிலிருந்து ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறுதான் நீரோ. அதைப் புளிக்கும் முன்பே குடித்துவிடுகிறார்கள். ஒரு டம்ளர் கொடுத்தார்கள். சாராயம் துளியும் கிடையாது, குளிர்ச்சி, இனிப்பு. எங்கள் ஊரில் இத்தனை வருஷம் காலில் மிதிபட்டது இதுதானா என்று எனக்கு மனசு பிசைந்தது.

மிதித்து எடுத்த முதல் சாற்றை மூன்று நாள் அளவுக்குப் புளிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் போடுவதில்லை, சர்க்கரை போடுவதில்லை, தண்ணீர் சேர்ப்பதில்லை. பிறகு செம்புப் பானையில் ஊற்றி விறகு எரிக்கிறார்கள். முன்பெல்லாம் ஆவி போய்ச் சேரும் மண்குடத்தின் மேல் ஒருவர் விடாமல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இப்போது பல இடங்களில் செம்புச் சுருள் வந்துவிட்டது. முதல் முறை காய்ச்சி வருவது உர்ராக், லேசானது, பருவத்தில் மட்டுமே கிடைக்கும். அதைப் புளித்த சாற்றோடு சேர்த்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி. கொட்டகையில் அந்தக் குடும்பத்துப் பெரியம்மா உர்ராக்கை லிம்கா, உப்பு, கீறிய பச்சை மிளகாயோடு கலந்து கொடுத்தார். வெயிலுக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை. பஜ்ஜி மிளகாய் வேண்டாம், ஒல்லி மிளகாய்தான் சரி.

இந்த அழகெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 2009-இல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பதிவு செய்தது நம் சென்னையில் இருக்கும் பதிவகம்தான். அதற்குப் பிறகும் பல வருஷம் சட்டப்படி அது 'நாட்டுச் சாராயம்' என்ற பட்டியலிலேயே கிடந்தது. அந்தப் பெயர் ஒட்டியிருக்கிற வரை மற்ற மாநிலங்களில் கடை ஏறவே வழியில்லை. 2016-இல் கோவா அரசு கலால் சட்டத்தைத் திருத்தி ஃபெனியைப் பாரம்பரிய மது என்று தனியாகப் பிரித்தது. 2021-இல் ஃபெனிக்கென்றே ஒரு கொள்கையும் வந்தது. காய்ச்சும் உரிமை வட்டாரம் வட்டாரமாக ஏலம் போகிறது. யார் எங்கே காய்ச்சுகிறார் என்று கலால் துறைக்குத் தெரியும். இந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் பெயருக்குக் காப்பு, பிறகு சட்டத்தில் மரியாதை, அதற்குப் பிறகுதான் நாம் காலை நனைத்துக்கொண்டு உட்காரும் சுற்றுலா. கேரளத்திலும் நகர ஆரம்பித்திருக்கிறது. கண்ணூர் மாவட்டத்துப் பையாவூர் கூட்டுறவு வங்கி முந்திரிப் பழத்தில் மது தயாரிக்க 2022-இல் அரசு அனுமதி வாங்கியது. ஒரு விவசாயக் கூட்டுறவு வங்கி! எனக்கு இந்தச் செய்திதான் இன்னும் பெரிதாகப் படுகிறது. அனுமதி கேட்டுப் போனது உழவர்களின் வங்கி, எந்தப் பெரிய மதுக் கம்பெனியும் இல்லை.

நம் ஊரில் இதைப் பேசுவது எளிதில்லை, எனக்குத் தெரியும். கள் இறக்கவே 1987-இலிருந்து தடை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் பக்கத்து மாவட்டம் அது. காய்ச்சுவது என்று வாயெடுத்தாலே எங்கள் ஊர்ப் பெண்கள் நடுங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால், யாருக்கும் தெரியாமல் எங்கேயோ கலந்து விற்றது. அதனால்தான் கோவாவின் ஏலமும் உரிமமும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு பானைகூட அடுப்பில் ஏறக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் நீரோவுக்கு என்ன தடை? சாராயம் இல்லாத சாறு அது. சர்பத் போடலாம், ஜாம் போடலாம். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் எங்கள் மரங்களைப் படுக்கப் போட்ட பிறகு, புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்குக் காத்திருந்த வருஷங்களில் பழத்துக்கும் ஒரு விலை இருந்திருந்தால் பிழைத்து நின்ற மரங்களிலிருந்தாவது நாலு காசு பார்த்திருப்போம்.

சரி, போகிறவர்களுக்கு. குங்கொலிம் மட்காவிலிருந்து தெற்கே, கார்வார் போகும் சாலையில் இருக்கிறது. டாக்ஸியிலோ வாடகை வண்டியிலோ போகலாம். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கட்டணம், சாப்பாடு உண்டா இல்லையா என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் சரியான மாதம். மழை இறங்கிவிட்டால் மரத்தில் பழம் இருக்காது. வண்டி ஓட்டுகிறவர் சுவைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் குடிப்பதில்லை என்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. வயசான அம்மா, பிள்ளைகளோடு போகிறவர்கள் கண்டோலிமில் 2021-இல் திறந்த 'ஆல் அபவுட் ஆல்கஹால்' அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்; பழைய பானைகள், குடுவைகள், அளக்கும் கருவிகள் எல்லாம் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

வாங்கும்போது கவனம். கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் 'வீட்டில் காய்ச்சியது' என்று சொல்லி எங்களுக்கு ஒரு பாட்டில் விற்றார்கள். அறைக்கு வந்து ஊற்றிப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம், காலி கிளாஸில் பழம் என்று ஒன்றுமே இல்லை. கீழே கொட்டிவிட்டோம். மலிவான ஸ்பிரிட்டைக் கலந்து ஃபெனி என்று விற்பது இந்தத் தொழிலின் பெரிய நோய். குறியீடு வாங்கினால் போதாது, அந்தப் பெயரில் போலியை விற்பவனைப் பிடிக்கவும் வேண்டும்; அதில் இன்னும் கண்டிப்பு தேவை. லேபிள், உரிம எண், பில் மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் வெளிமாநில மதுவை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம். எனவே அங்கேயே ரசித்துவிட்டு வாருங்கள். கொண்டுவர ஆசையாக இருந்தால் கோவா முந்திரிப் பழ சிரப் எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். நானும் வாங்கி வந்தேன். எங்கள் களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்தேன். இது என்ன பழம் என்று கேட்டவர்களிடம், நீங்கள் காலையில் தூக்கிப் போட்டீர்களே அதுதான் என்றேன். வர்ற பருவத்தில் கொஞ்சம் பழத்தைத் தனியாக எடுத்து வைத்துச் சாறு எடுத்துப் பார்ப்பதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.