தேவர் மகன்: கேசட்டில் இல்லாத கடைசிப் பத்து நிமிடம்

எங்கள் சித்தப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். அவரிடம் இருந்த ‘தேவர் மகன்’ கேசட்டில் ‘இஞ்சி இடுப்பழகா’ பளிச்சென்று கேட்கும். ‘போற்றிப் பாடடி பொண்ணே’ மட்டும் இழுத்து இழுத்துப் பாடும். அதையே திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடா அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. ஒரே காதுகுத்தில் அதை எட்டு தடவை போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. போட்டவன் நான்தான்.

1992 தீபாவளிக்கு வந்த படம். எனக்கு அப்போது பதினேழு வயசு. தியேட்டரில் இரண்டு முறை, டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய, பிறகு விசிடி, டிவிடி, விளம்பர இடைவேளைகளோடு டிவியில், இப்போது செல்போனில். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் படத்தோடு புழங்கிவிட்டேன். வேறெந்தப் படமும் என்னிடம் இத்தனை முறை நிறம் மாறவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தை வைத்து நடக்கும் சாதிச் சண்டைக்கு நடுவே அது காணாமல் போய்விடுகிறது. கமல் எழுத்து, பரதன் இயக்கம், இளையராஜா இசை, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. ஐந்து தேசிய விருதுகள். அவற்றில் ஒன்று ஒலிப்பதிவுக்கு என்பது பலருக்குத் தெரியாது. மழைக்கு நடுவே அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சியை நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஊரை விட்டுப் போய் ஹோட்டல் தொழில் பார்க்கப்போகிறேன் என்கிற பையனிடம், விதை போடுகிறவன் பழம் தின்னமாட்டான், ஆனாலும் விதை அவன் போட்டது என்று சிவாஜி சொல்வார். குரலை உயர்த்தவே மாட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எங்கே விழுகிறது என்று கேட்கும். தியேட்டரில் விசில் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. டிவிடி வந்த பிறகுதான் கேட்டது. எங்கள் அப்பா இறந்த வருஷம் அந்தக் காட்சியை என்னால் முழுசாகப் பார்க்க முடியாமல் எழுந்துபோயிருக்கிறேன்.

இனி குழாய் விஷயம். வேப்பமரத்தில் கூம்புக் குழாய் இரண்டு கட்டுவோம். ஒன்று விசேஷ வீட்டைப் பார்த்து, இன்னொன்று ரோட்டைப் பார்த்து. அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் யாராவது வந்து, “மாப்ள, ரோட்டுக் குழாயக் கெழக்க திருப்புடா” என்பார்கள். கிழக்கே என்றால் தலித் மக்கள் இருக்கும் காலனி. நான் மரத்தில் ஏறித் திருப்பிவிட்டு இறங்குவேன். பாட்டில் என்ன இருக்கிறது, வாலி எழுதியது, ‘தேவர் காலடி மண்ணே’ என்று மண்ணைப் பற்றிய பாட்டுதானே என்று கேட்டால் அன்றைக்கு எனக்கும் பதில் தெரிந்திருக்காது. படத்துக்குள் அது ஒரு ஊர்க் கொண்டாட்டம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊர் மரத்தில் அது வேறு வேலை செய்தது. அந்த வேலையைச் செய்த கை என்னுடையது.

காலனியிலிருந்து என்னோடு பிளஸ் டூ படித்தவன் ஒருவன் இருந்தான். கணக்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன். குழாய் திரும்பியிருந்த ஒரு நாள் சைக்கிளில் வந்தவன், இறங்கித் தள்ளிக்கொண்டே எங்கள் பந்தலைக் கடந்தான். என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அது 1995. தலித் மக்கள் வாழ்ந்த கொடியன்குளம் கிராமத்தில் போலீஸ் புகுந்து சூறையாடிய வருஷம். தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் மனசு கனன்றுகொண்டிருந்த நேரம். ஒரு பாட்டா அதையெல்லாம் மூட்டியது என்று கேட்டால், நிச்சயமாக இல்லை. நிலம், கூலி, படித்து மேலே வந்தவர்கள் மேல் எரிச்சல் என்று அதன் வேர் ஆழம். ஆனால் சண்டைக்குப் போகிறவன் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால், அந்தப் பாட்டும் இருந்தது.

படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். பங்காளி மாயனைக் கொன்றுவிட்டு நிற்கும் கமல், அதாவது சக்திவேல், பழியைத் தாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று வரும் ஊர்க்காரர்களைத் தடுக்கிறான். அருவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போலீசோடு போகிறான். படம் சொல்லவந்ததே அதுதான். ஆனால் கேசட்டில் பாட்டுதான் இருந்தது, அந்தக் கடைசிப் பத்து நிமிடம் இல்லை. எந்தக் காதுகுத்திலும் யாரும் என்னிடம் வந்து, “படிக்க வைங்கடான்னு சொல்ற எடத்தப் போடு” என்று கேட்டதில்லை.

2023 ஜூனில் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு மேடையில், கமலை வைத்துக்கொண்டே, தன் படம் உருவாகக் காரணம் ‘தேவர் மகன்’ தந்த வலி என்று இயக்குநர் மாரி செல்வராஜ் பேசினார். அதில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றார். அதற்குப் பிறகு நடந்த சண்டையை எல்லோரும் பார்த்தோம். ஒரு பக்கம், கலைப்படைப்பைச் சாதிக்கண்ணோடு பார்க்கிறார், முடிவைப் பார்க்காமல் பேசுகிறார் என்றார்கள். இன்னொரு பக்கம், அது சாதிப்படம், அதைக் கொண்டாடுகிறவன் எல்லாம் சாதிவெறியன் என்றார்கள். என் வீட்டிலேயே இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது. மச்சான் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

மாரி செல்வராஜ் முடிவைப் பார்க்காமல் பேசினார் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து அவர் பேசினார். அங்கே முடிவு போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்ததெல்லாம் பாட்டு. அதே சமயம், அந்தப் படமே விஷம் என்று சொல்கிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. வன்முறையைத் தன் சொந்தச் சாதிக்குள் இருந்தே வேண்டாம் என்று சொன்ன பெரிய வணிகப் படங்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? என்னுடைய குறை வேறு. ஊரின் துயரம் முழுவதையும் ஒரு குடும்பத்துப் பங்காளிச் சண்டையாகவே அது பார்க்கிறது. நல்ல பெரியவர் ஒருவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறது. அடிபடுகிற மற்றவர்கள் அழுவதற்கு மட்டும் வருகிறார்கள்.

‘மாமன்னன்’ கதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. ரிசர்வ் தொகுதி எம்.எல்.ஏ.வாக வடிவேலு நாற்காலியில் உட்காராமல் நிற்கும் காட்சிக்காகவே எடுத்த படம் என்று சொல்வேன். அது ஓடிடிக்கு வந்த சில நாட்களிலேயே, வில்லன் ரத்னவேலுவாக நடித்த ஃபகத் ஃபாசில் காட்சிகளை மட்டும் வெட்டி, சாதிப் பாட்டுகளைப் பின்னால் ஒட்டி, கொண்டாடிப் பரப்பினார்கள். எதை எதிர்த்து எடுத்தாரோ அதற்கே பயன்பட்டது. கேசட் போய் ரீல்ஸ் வந்திருக்கிறது, முப்பது செகண்டில் முடிவுக்கு இடமே இல்லை.

தடை, தலைப்பு மாற்றம் இதெல்லாம் உதவாது என்பது என் அனுபவம். கமலின் இன்னொரு படத்துக்கு வைத்த ‘சண்டியர்’ என்ற பெயர் எதிர்ப்பால் ‘விருமாண்டி’ ஆனது, ஊரில் எந்தச் சண்டியரும் திருந்தவில்லை. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரையிடலாம் என்று சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் 1939-ம் வருஷப் படமான ‘கான் வித் த விண்ட்’டை கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக 2020-ல் ஒரு ஓடிடி தளம் எடுத்துவிட்டு, அதே மாதம் சினிமாப் பேராசிரியர் ஒருவரின் முன்னுரையோடு திரும்பப் போட்டது. ஒரு காட்சியையும் வெட்டவில்லை. அது எனக்குப் பிடித்த வழி. நம் பழைய படங்களுக்கும் அப்படி யாராவது முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசலாம்.

போன மே மாத லீவில் மகளோடு உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தேன். காலேஜ் முதல் வருஷம் முடித்திருந்தாள். நடுவில் நிறுத்தக் கூடாது, போனை எடுக்கக் கூடாது என்று பேச்சு. மழைக் காட்சியில் அவளும் அசையாமல் இருந்தாள். பிறகு இசக்கி கை போய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் காட்சி வந்தது. தின்னவும் கழுவவும் இனிமேல் ஒரே கைதான் என்று வடிவேலு சொல்வார். தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. மகள் சிரிக்கவில்லை.

“கோயில் பூட்டத் திறக்கச் சொன்னது யாருப்பா?”

“சக்தி.”

“கை போனது?”

நான் பதில் சொல்லவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை, படம் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் காட்சியை நான் சக்தியின் குற்றவுணர்ச்சியாகவே பார்த்திருக்கிறேன். கமலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து நடந்தது. இப்போது குழாய் கிடையாது, ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ், பாட்டு எல்லாம் பென் டிரைவில். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் இரண்டு பையன்கள் வந்து ஆபரேட்டரிடம் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். நான் எழுந்து போய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்தேன். கிழக்கு. ஆபரேட்டர் தம்பியிடம், ‘இஞ்சி இடுப்பழகா’ போடுப்பா என்றேன். பையன்கள் முறைத்தார்கள், மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பாக்ஸைப் பந்தல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை அதன் பக்கத்திலேயே நின்றேன்.