40 லிட்டர் நானோ செட்: ஒரு சின்ன உளுவைக்குப் போதுமா?

கோலாலம்பூர் மீன் கடைகளில் 'நானோ செட்' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து வைப்பது இந்த வகைதான். 45 × 30 × 30 செ.மீ. கண்ணாடித் தொட்டி, பின்பக்கம் கறுப்புத் தடுப்புக்குள் மூன்று அறைகள், சின்ன பம்ப், எல்.இ.டி. விளக்கு, பஞ்சு, செராமிக் வளையம். பிராண்டு மாறும், அமைப்பு அவ்வளவாக மாறாது. கடல்நீரில் ஒரே ஒரு சின்ன உளுவை (கோபி மீன்) வளர்க்க வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் வருவதை அப்படியே நிரப்பி மீனை விட்டால் மீன் தங்காது.

40 லிட்டர் என்பது விளிம்புவரை நிரப்பினால் வரும் கணக்கு. மணல், பாறை, மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் தண்ணீர் ஏறக்குறைய 30 லிட்டர்தான். 10 லிட்டருக்கு 370 கிராம் கடல்மீன் தொட்டி உப்பு என்று வைத்துக்கொண்டால் முதல் நிரப்புக்கு 1.1 கிலோ போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். குடியிருப்புப் பகுதிகளில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. (சவ்வு வழியே சுத்திகரித்த) மெஷின் தண்ணீர் ஆகும், ஆனால் நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். எண் 10-க்கு மேல் போனால் வேறு மெஷின் தேடுவதே நல்லது. பினாங்கில் இருப்பவர்கள் பத்து ஃபெரிங்கி கரையில் வாளியில் அள்ளிக்கொள்ளலாம் என்று நினைப்பதுண்டு; கரையோரத்து நீர் கலங்கலானது, மழைக்குப் பின் உப்பும் இறங்கிவிடும். வேண்டாம்.

இந்த வகைத் தொட்டியின் உண்மையான பலவீனம் பின் அறையில்தான். தண்ணீர் முன்பக்கத்திலிருந்து சீப்பு போன்ற பிளவு வழியே வழிந்து உள்ளே போகிறது. அதனால் முன்பக்க மட்டம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். ஆவியாகிற தண்ணீர் முழுக்க பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் குறையும். அந்த அறை 12 × 7 செ.மீ. என்றால், அரை லிட்டர் ஆவியானாலே மட்டம் 6 செ.மீ. இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கக் காத்தாடியும் போட்டால் அரை லிட்டர் ஒரு நாள் கணக்கு. பம்ப் காற்றை இழுக்கும், தொட்டி முழுக்க பொடிக் குமிழி, கர்ரென்று ஒரு சத்தம், அப்படியே விட்டால் பம்ப் எரிந்துபோகும். முன்பக்கத்தைப் பார்த்தால் எதுவுமே குறையாத மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்று. கடைசி அறைக் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை, உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். தானாக நீர் ஊற்றும் சென்சார் கருவி வாங்க முடிந்தால், விளக்கை மாற்றுவதற்கு முன் அதை வாங்குங்கள்.

அந்தச் சீப்புப் பிளவும் கவனிக்க வேண்டிய இடம். 2 செ.மீ. மஞ்சள் கிளவுன் உளுவை அதில் நுழைந்துவிடும். மீனைக் காணோம் என்றால் முதலில் பின் அறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். 2 மி.மீ. பிளாஸ்டிக் வலையைப் பிளவின் மேல் கட்டிவிட்டால் தீர்ந்தது. பாசி அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பழைய டூத்பிரஷால் தேய்க்க வேண்டும்.

மூடி பல செட்டுகளில் வருவதில்லை. வருகிறதென்றால் கண்ணாடி மூடி, ஒயர் போக மூலையில் இடைவெளியோடு. உளுவை இரவில் மிரண்டு குதிக்கும், அந்த இடைவெளி அதற்குப் போதும். கண்ணாடி மூடி சூட்டையும் உள்ளேயே வைத்திருக்கும். ஹார்ட்வேர் கடையில் ஜன்னல் வலைக்கான அலுமினியச் சட்டம் வாங்கி, 6 மி.மீ. கண்ணுள்ள தெளிவான வலையைப் பூட்டினால் மீனும் வெளியே வராது, காத்தாடிக் காற்றும் நீர்மேல் படும். காத்தாடி 2 முதல் 3 டிகிரி குறைக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதுவும் கிடைக்காது. 26-27 டிகிரி நல்லது. படுக்கையறையில் வைத்து இரவு ஏர்கான் போடுபவர்களுக்கு மட்டும் சில செட்டுகளில் வரும் ஹீட்டர் பயன்படும்: 26-இல் வைத்தால் இரவில் கீழே இறங்காமல் பிடித்துக்கொள்ளும்.

செட்டோடு ஹைட்ரோமீட்டர் (உப்பளவு காட்டும் முள் கருவி) இலவசம் என்றால் நம்பி இருக்காதீர்கள். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினால் அளவைக் கூட்டிக் காட்டும், உப்புப் படிந்தால் குறைத்துக் காட்டும். ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிசெய்து, ஒப்படர்த்தியை (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-இல் வையுங்கள்.

எந்த உளுவை? முதன்முறை வளர்ப்பவருக்கு மஞ்சள் கிளவுன் உளுவை. முழு வளர்ச்சியே 3.5 செ.மீ.தான். மணலைத் தோண்டாது, பாறைக் கிளையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு உளுவையான மஞ்சள் வாட்ச்மேன் 10 செ.மீ. வரை வளரும், பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் வாழும், பார்க்கவே அத்தனை அழகு. ஆனால் அதற்கு 5 செ.மீ. ஆழத்துக்கு மெல்லிய மணல் வேண்டும், சுமார் 7 கிலோ. செட்டோடு கொடுக்கும் பெரிய பவளச் சில்லு அதற்கு உதவாது. பாறையை முதலில் கண்ணாடியின் மேல் உட்கார வைத்து, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் வைத்த பாறையின் அடியை வாட்ச்மேனும் இறாலும் தோண்டினால் பாறை சரியும்.

பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் மறுநாளே மீன் விடலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். மீனுக்கு நச்சான அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் சுழியம் காட்டும்வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், பொறுக்க வேண்டும். மீன் வாங்கும்போது கடைத் தொட்டியின் உப்பளவைக் கேளுங்கள். ஒட்டுண்ணியைக் குறைக்க 1.018-1.020 அளவில் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கிருந்து ஒரே நாளில் 1.025-க்கு ஏற்றினால் சின்ன மீன் தாங்காது. தனித் தொட்டியில் கடை அளவிலேயே விட்டு, நாளுக்கு 0.001 அல்லது 0.002 என்று ஏற்றுங்கள். காசு கொடுப்பதற்கு முன் தீவனம் போடச் சொல்லிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் வயிறு ஒட்டியிருந்தால் அந்த மீனை எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த கிளவுன் உளுவை பெரும்பாலும் சாவது பசியால். தானாகத் தீவனத்தைத் துரத்திப் போகாது, வாய்க்கு எதிரே வர வேண்டும். உறைந்த மைசிஸ், சைக்ளாப்ஸ் (இறால் இனத்துப் பொடி உயிரிகள்) இரண்டையும் தொட்டி நீரிலேயே கரைத்து, பிப்பெட்டால் அது உட்கார்ந்திருக்கும் கிளைக்கு மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நாளுக்கு இரண்டு முறை. அந்த நேரம் பம்பை நிறுத்தினால்தான் தீவனம் பின் அறைக்குப் போகாது. மறுபடி போட மறந்துவிடாமல் போனில் 10 நிமிட அலாரம் வைத்துவிட்டு நிறுத்துங்கள்.