பெயர் பெற்ற ப்ரொட்யூசரிடம் பீட் வாங்கினால் என்ன விலை, கைக்கு என்ன வரும்?

ராப் பாட்டுக்கு அடியில் ஓடும் இசைதான் பீட். கையில் 50 டாலர் இருந்தாலும் பீட் வாங்கலாம், 50,000 டாலர் இருந்தாலும் வாங்கலாம். சில சமயம் இரண்டு விலைக்கும் விற்பவர் ஒரே ப்ரொட்யூசர்தான் (ராப்பில் ப்ரொட்யூசர் என்றால் பீட் போடுகிறவர்), பீட்டும் அதேதான். ராப் எழுத ஆரம்பித்த புதிதில் இது எனக்குப் புரியவே இல்லை. பீட் என்றால் ஒரு பொருள், அதற்கு ஒரு விலை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடத்தில் இரண்டு பீட் காசு கொடுத்து வாங்கி, நடுவில் ஒரு பெரிய பெயரிடம் விலையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தால் ஒரு நல்ல பாட்டை நான் இழந்திருக்க மாட்டேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் பீட்டை வாங்கியது, பெரிய ஆல்பங்களில் பெயர் வந்த ஒரு அமெரிக்க ப்ரொட்யூசரின் ஆன்லைன் ஸ்டோரில். எம்பி3 லீஸ், அதாவது பீட்டைப் பயன்படுத்த மட்டும் அனுமதி, 50 டாலர். காசு கட்டிய அடுத்த நிமிடமே மெயிலில் ஒரு ஃபைலும் இரண்டு பக்க ஒப்பந்தமும் வந்துவிட்டன. பீட்டைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. முதல் நான்கு பார் வெறும் பியானோ, அப்புறம் 808 பேஸ் இறங்கும் இடத்தில் ஹை-ஹாட் ஒரு மூச்சு நின்று மறுபடி ஓடும். அந்தச் சின்ன இடைவெளியில் என் ஹூக்கின், அதாவது பல்லவியின், முதல் சொல் தானாக வந்து உட்கார்ந்தது, இரண்டு மணி நேரத்தில் பாட்டு முழுவதையும் எழுதி முடித்துவிட்டேன்.

சிக்கல் மிக்ஸிங்கில் ஆரம்பித்தது. வந்தது ஒரே ஸ்டீரியோ ஃபைல், அதுவும் ஏற்கனவே சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி மாஸ்டர் செய்தது. அதன்மேல் என் குரலை வைத்தால் 808 விழும் ஒவ்வொரு இடத்திலும் குரல் மூழ்குகிறது, குரலைத் தூக்கினால் மொத்தப் பாட்டும் கரகரக்கிறது. பேஸை மட்டும் கொஞ்சம் இறக்கலாம் என்றால் பேஸ் தனியாக என்னிடம் இல்லையே! ஒரு வாரம் போராடி ஒரு மாதிரி ஒப்பேற்றி வெளியிட்டேன்.

மூன்றாம் நாள் யூடியூபில் காப்புரிமைக் கோரிக்கை வந்து நின்றது. ப்ரொட்யூசர் போட்டதல்ல, அதே பீட்டை லீஸ் எடுத்த இன்னொரு ராப்பர் தன் பாட்டை கண்டென்ட் ஐடியில், அதாவது ஒலியை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யூடியூப் சிஸ்டத்தில், பதிவு செய்ததால் வந்தது. லீஸ் என்றாலே ஒரே பீட்டைப் பல பேருக்குக் கொடுப்பதுதான், ஆகவே எடுத்தவர் யாரும் அதை கண்டென்ட் ஐடியில் ஏற்றக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் ஒருவர் ஏற்றிவிட்டால் போதும், அந்த இசை ஒலிக்கும் மற்ற எல்லாப் பாட்டையும் சிஸ்டம் அவருடையதாகவே பிடித்துக்கொள்கிறது. ஸ்டோருக்கு எழுதினேன். பதில் வர 11 நாள். அதுவும் ரசீதைக் காட்டி நீங்களே மறுப்புத் தெரிவித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி. காட்டினேன், கோரிக்கை விலகியது. ஆனால் புதுப் பாட்டை நாலு பேர் கேட்க வேண்டிய அந்த இரண்டு வாரம் போனது போனதுதான். மிக்ஸிங்கும் மனசுக்கு ஒப்பவில்லை என்பதால் கடைசியில் பாட்டையே எடுத்துவிட்டேன்.

லீஸ்தானே பிரச்சினை, எனக்கு மட்டும் என்று எக்ஸ்க்ளூசிவாகவே வாங்கினால் என்ன என்று இன்னும் பெரிய பெயர் ஒருவரின் மேனேஜருக்கு எழுதினேன். வந்த பதில் நான்கே வரி. ஒரு பீட்டுக்கு 15,000 டாலர், பாதி முன்னால், மீதி ஃபைலைக் கொடுக்கும்போது. 3 பாயிண்ட். பப்ளிஷிங்கில் பாதி. சாம்பிள், அதாவது வேறொருவர் பாட்டிலிருந்து எடுத்த துண்டு, இருந்தால் அனுமதி வாங்குவது என் செலவு. இந்த நான்கு வரியைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

பேச்சில் எல்லோரும் சொல்லும் தொகை அந்த 15,000தான், உண்மையில் அது அட்வான்ஸ், அதாவது பின்னால் வரப்போகும் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளும் முன்பணம். பாயிண்ட் என்பது மாஸ்டர், அதாவது பாட்டின் ஒலிப்பதிவு, தரும் வருமானத்தில் ப்ரொட்யூசருக்கு வரும் சதவீதம், பெரிய கைகளுக்கு 3, 4 என்று போகும். 3 சதவீதத்தில் 15,000 டாலர் கழிய வேண்டும் என்றால் அந்தப் பாட்டு 5 லட்சம் டாலர் சம்பாதிக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பப்ளிஷிங் இதில் சேராது, அது தனி. இசை அவருடையது, வரிகள் நம்முடையது என்று பாட்டை எழுதிய உரிமையில் ஆளுக்குப் பாதி. அமெரிக்காவில் ஒரு பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும், டவுன்லோடுக்கும் சட்டம் வைத்த மெக்கானிக்கல் ராயல்டி 2025-இல் 12.7 சென்ட், அதில் பாதி பீட் போட்டவருக்குப் போகும்.

இந்த விலையைக் கேட்டு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது என்னைப் போல ஒருவருக்காக வைத்த விலையே இல்லை. பெரிய லேபிளில் இருக்கும் ராப்பருக்கு இந்தப் பணத்தை லேபிள் ரெக்கார்டிங் பட்ஜெட்டிலிருந்து கட்டும், அப்புறம் ராப்பரின் கணக்கில் பற்று வைத்துக்கொள்ளும். சொந்தப் பணத்தில் பாட்டு போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு காலத்தில் விலை இதைவிட எங்கேயோ இருந்தது. 2000-களின் நடுவில் டிம்பலாண்ட், ஸ்காட் ஸ்டார்ச் போன்ற ப்ரொட்யூசர்களின் ஒரு பீட்டுக்கு லட்சம் டாலர் அளவிலும் அதற்கு மேலும் பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. சிடி விற்ற காலம் அது, ரேடியோவில் ஒரு ஹிட் விழுந்தால் ஆல்பம் லட்சக்கணக்கில் போகும், அதனால் ஹிட் தருவார் என்று நம்பிக்கை உள்ள கைக்கு லேபிள் கேட்டதைக் கொடுத்தது. 1999-இல் அமெரிக்க ரெக்கார்டிங் தொழிலின் வருமானம் சுமார் 1,460 கோடி டாலர், 2014-இல் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பட்ஜெட் சுருங்கியதும் அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த விலையும் சுருங்கியது. எட்டாத உயரத்தில் இருந்த ஸ்டார்ச்சே 2015-இல் திவால் மனு கொடுத்தார். அவர் வாசித்த பியானோவைக் கேட்டு வளர்ந்தவன் நான், அந்தச் செய்தியைப் படித்த நாள் உண்மையிலேயே வலித்தது.

இன்னொரு எல்லையையும் பாருங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற பையன் பீட் விற்கும் பீட்ஸ்டார்ஸ் தளத்தில் போட்ட ஒரு பீட்டை லில் நாஸ் எக்ஸ் என்ற ராப்பர் 30 டாலருக்கு வாங்கினார். அதில் எழுதியதுதான் ‘ஓல்ட் டவுன் ரோடு’, 2019-இல் பில்போர்டு ஹாட் 100-இல் 19 வாரம் முதலிடம். தன் பீட்டில் இப்படி ஒரு பாட்டு வந்திருப்பதே யங்கியோவுக்குப் பின்னால்தான் தெரியும். டிசைனர் என்ற ராப்பர் பாடி 2016-இல் முதலிடத்துக்குப் போன ‘பாண்டா’வின் பீட், மெனஸ் என்ற இங்கிலாந்து ப்ரொட்யூசரிடம் 200 டாலருக்கு வாங்கியது. இந்த இரண்டையும் காட்டி, நல்ல பீட்டுக்குப் பெரிய விலை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதம்தான். ஆனால் ‘ஓல்ட் டவுன் ரோடு’ பீட்டுக்கு உள்ளே நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் குழு 2008-இல் வெளியிட்ட ஒரு இசைத் துண்டு இருந்தது. பாட்டு பெரிதானதும் அதற்கு அனுமதி பேசி, அதை உருவாக்கிய ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் பெயர்களையும் சேர்த்தார்கள். பின்னால் ஒரு பெரிய லேபிள் நின்றதால் அதைத் தீர்க்க முடிந்தது. தனியாக நிற்கிறவர் அதே இடத்தில் மாட்டினால் பாட்டையே இறக்க வேண்டி வரும்.

சாம்பிள் விஷயத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 50 டாலர் லீஸோ 15,000 டாலர் எக்ஸ்க்ளூசிவோ, நான் படித்த இரண்டு காகிதத்திலும் அந்தப் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான் இருந்தது. ராப்பர் ஜூஸ் வேர்ல்டின் ‘லூசிட் ட்ரீம்ஸ்’ 2018-இல் அவ்வளவு பெரிய ஹிட், அடியில் ஓடும் கிட்டார் பாடகர் ஸ்டிங்கின் பழைய பாட்டுடையது, பப்ளிஷிங்கில் பெரும்பங்கு அங்கேதான் போனது. அதனால் இப்போதெல்லாம் நான் விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, மெலடி நீங்களே வாசித்ததா, லூப் பேக் என்ற தயார் இசைத் துண்டுகளின் தொகுப்பிலிருந்து எடுத்ததா, பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டியதா என்பதுதான். நேராகப் பதில் சொல்லாதவரிடம் அதற்கு மேல் பேசுவதில்லை.

இரண்டாவதாக வாங்கிய பீட் பெயர் தெரியாத ஒருவருடையது. 150 டாலர், இன்னும் லீஸ்தான், ஆனால் ஸ்டெம்ஸோடு. ஜிப்பைத் திறந்தால் 14 வேவ் ஃபைல், கிக், 808, இரண்டு ஸ்னேர், மூன்று ஹை-ஹாட், பியானோ, ஸ்ட்ரிங்ஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒன்றைத் தனியாகப் போட்டுக் கேட்டபோது விரல் சொடுக்கும் சத்தம் மட்டும் வந்தது. ஸ்னேருக்கு அடியில் யாருக்கும் கேட்காத அளவில் அதை வைத்திருக்கிறார்! இரண்டாவது வெர்ஸில் மெலடி முழுவதையும் நிறுத்திவிட்டு பேஸையும் அந்தச் சொடுக்கையும் மட்டும் விட்டேன், என் குரலுக்கு அடியில் அது நடந்து வருகிறது போல இருந்தது. 50 டாலர் எம்பி3-யில் இதைச் செய்யவே முடியாது. 5 லட்சம் ஸ்ட்ரீம் வரை அனுமதி, தாண்டினால் புதுப்பிக்க வேண்டும், கண்டென்ட் ஐடி விதி இதிலும் அதேதான். ஒரு சந்தேகம் கேட்டு எழுதினால் அன்று இரவே அவரே பதில் போடுகிறார்.

பெரிய பெயருக்குக் காசு கொடுப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. பாட்டு தொடங்கும்போது ப்ரொட்யூசர் மெட்ரோ பூமினின் டேக், அதாவது அவர் பெயரைச் சொல்லும் குரல், விழுந்தால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருகிறார், ப்ளேலிஸ்ட் போடுகிறவரும் ஒரு முறை கூடுதலாகக் கேட்கிறார், அதற்கு மதிப்பு இருக்கிறது. அப்படிப்பட்டவரோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, உங்கள் குரலைக் கேட்டு அவர் பீட்டை மாற்றித் தருவதாக இருந்தால், கடன் வாங்காமல் கட்ட முடிகிற தொகையாகவும் இருந்தால், தயங்காமல் கொடுங்கள். பழைய ஹார்டு டிஸ்கில் கிடந்ததை மெயிலில் அனுப்பிவிட்டு அதே விலை கேட்டால் வேண்டாம். பெயர் பெற்றவரின் எம்பி3 லீஸ் இந்த மூன்றிலும் மோசமான பேரம், பீட்டும் நமக்கு மட்டும் சொந்தமில்லை, ஒலியும் நம் கையில் இல்லை. டெமோவுக்கு மட்டும் எடுங்கள்.

அந்த 150 டாலர் ஆளிடமே அடுத்த பீட்டை எக்ஸ்க்ளூசிவாகப் பேசியிருக்கிறேன். 600 டாலர், 2 பாயிண்ட், பப்ளிஷிங்கில் பாதி. மெலடி அவரே வாசித்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.