ராயபுரம் வலைக்கூடாரம்: ஞாயிற்றுக்கிழமை போங்கள்

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கிடங்குக்குள் இளைஞர்கள் சிலர் இந்தக் கலைக்கூடாரத்தைக் கட்டியிருக்கிறார்கள். கூரையிலிருந்து தரை வரை மீன்வலை. காசிமேட்டில் உழைத்து ஓய்ந்த நைலான் வலைகள், உப்பேறி வெளுத்துப்போனவை. செருப்பை வாசலில் விட்டுக் குனிந்து உள்ளே போனால், உட்காரத் துணித் திண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வேப்பிலையும் வெட்டிவேரும் அடைத்திருக்கிறார்கள்.

பிரேசில் கலைஞர் எர்னஸ்டோ நெட்டோவைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். 2017-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடந்த பியன்னாலே என்ற கலைக் கண்காட்சியில் அவர் அமேசான் காட்டின் ஹூனி குயின் பழங்குடிகளோடு சேர்ந்து பின்னல் கூடாரம் ஒன்று அமைத்தார். பார்க்க வந்தவர்கள் அதற்குள் உட்கார்ந்தார்கள். மறு வருடம் சுவிட்சர்லாந்தின் சூரிக் ரயில் நிலையத்தில் 20 மீட்டர் உயரத்துக்குப் பருத்திப் பின்னலில் ஒரு மரத்தையே தொங்கவிட்டார். இங்கே உள்ள இளைஞர்கள் அமேசான் சடங்கைக் காப்பியடிக்காமல், ஆடி மாதக் கூழையும் சாமியாட்டத்தையும் எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கிழிந்த இடம் ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு வலைக்கண் பின்னிவிட்டுப் போக வேண்டும். சொல்லித்தர வலை பின்னும் அம்மா ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஊசியை எப்படி விடுவது, முடிச்சைக் கட்டைவிரலால் எங்கே அழுத்துவது எல்லாம் காட்டினார். நான் பின்னியதைப் பார்த்து, "கண்ணு பெருசாப் போச்சுன்னா மீன் நிக்காது நைனா" என்று அவிழ்த்து மறுபடி கொடுத்தார். கல்லூரிப் பெண்கள், தாத்தா ஒருவர், பள்ளிச் சீருடையில் பையன்கள் என்று எல்லாரும் வரிசையில் காத்திருந்து பின்னினார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

குறை, ஒலிபெருக்கியில் ஓடும் உடுக்கைச் சத்தம். பதிவு செய்ததையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். சாமி வருகிறபோது உடுக்கை அடிப்பவர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் தடுமாறினால் தாளத்தைத் தணிப்பார், உடம்பு முறுக்கேறினால் இடுப்புக் கயிற்றை அழுத்திச் சத்தத்தை ஏற்றுவார். எங்கள் தெருவில் மயானக் கொள்ளை அன்று இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒலிபெருக்கி யாரையும் பார்க்காது. வார நாளில் நான் போனபோது, வலைக்கு அந்தப் பக்கம் பாதிப் பேர் போனில் படமெடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

ஞாயிறு மாலை பம்பைக்காரர்கள் நேரில் வருகிறார்கள். அன்றைக்கு அதே கூடாரம் வேறு மாதிரி இருந்தது. போனை எடுக்கக் கை வரவில்லை யாருக்கும். அடித்து முடித்ததும் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள், அதை ஊற்றிக் கொடுத்தவர்களும் பார்க்க வந்தவர்களே. பம்பைக்காரர்களை எல்லா நாளும் வரவழைக்கிற அளவுக்கு இந்த இளைஞர்களுக்குக் காசு கிடைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

அனுமதி இலவசம். முட்டி வலி உள்ளவர்களுக்குக் கேட்டால் நாற்காலி போடுகிறார்கள். விளக்கப் பலகை ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது, ராயபுரத்தில் அது நியாயமில்லை. அவர்களிடமே சொன்னேன், மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், அப்புறம் உள்ளே உட்கார இடம் கிடைக்காது.