பங்கு இணைப்பு: மூன்று வழிகளும் நாங்கள் எடுத்த வழியும்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கத்தோலிக்கப் பங்குகள், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்கள். இரண்டுக்கும் ஒரே பங்குத்தந்தை. ஒன்றில் கோயில் பெரிசு, ஆள் குறைவு. மற்றதில் ஆள் அதிகம், இடம் போதவில்லை. இந்த நிலைக்கு வந்துவிட்ட கத்தோலிக்கப் பங்குகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அடுத்து என்ன செய்வது என்று பேச உட்கார்ந்தால் பெரும்பாலும் மூன்று யோசனைகள்தான் அடிபடும். தனித்தனிப் பங்குகளாகவே இருந்துகொண்டு ஒரே குருவைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. சின்னப் பங்கைப் பெரிய பங்கோடு சேர்த்துவிடுவது இன்னொன்று. இரண்டையுமே முடித்துக்கொண்டு புதிதாக ஒரே பங்கைத் தொடங்குவது மூன்றாவது. எங்கள் இரண்டு பங்குகளும் முதல் வழியில் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்போது மூன்றாவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. இணைப்புக் குழுவில் நானும் இருக்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

குருக்கள் குறைந்தது ஏன், இளைஞர்கள் எங்கே போனார்கள் என்பதெல்லாம் எல்லாரும் பேசி அலுத்த கதை, அதை விட்டுவிடலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. பங்கை உருவாக்குவதும் மாற்றுவதும் கலைப்பதும் மறைமாவட்டத் தலைவரான ஆயரின் தனி அதிகாரம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 515ஆம் எண்படி, குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்ட பிறகே அவர் அதைச் செய்யலாம். நாம் கூட்டம் போட்டுக் கை தூக்குவது பரிந்துரைதான். ஆயருக்கும் எல்லை உண்டு. வத்திக்கானில் குருக்கள் தொடர்பான துறையான குருக்கள் பேராயம் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தல், இணைப்புக்கான காரணம் அந்தந்தப் பங்கோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்கிறது. மறைமாவட்டத்தில் குருக்கள் குறைவு, பொதுவான பண நெருக்கடி என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. ஜெர்மனியின் டிரியர் மறைமாவட்டம் நூற்றுக்கணக்கான பங்குகளை 35 பெரும்பங்குகளாக்கத் திட்டமிட்டபோது, 2019 நவம்பரில் வத்திக்கான் அதை நிறுத்தி வைத்தது. அளவு பெரிதானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதைப் படித்துப் பார்க்கலாம்.

சரி, முதல் வழி. இதில் யாருக்கும் மனம் நோகாது. ஒரு பங்குத்தந்தைக்கு ஒரு பங்குதான் என்று சொல்லும் 526ஆம் எண்ணே, குருக்கள் குறைவாக இருந்தால் பக்கத்துப் பங்குகள் பலவற்றை ஒருவரிடமே ஒப்படைக்கலாம் என்றும் இடம் கொடுக்கிறது. பெயர், பாதுகாவலர் திருவிழா, வங்கிக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கும். ஞாயிறு திருப்பலி நேரம் மட்டும் மாறும். மக்களுக்காகப் பங்குத்தந்தை ஞாயிறுதோறும் ஒப்புக்கொடுக்க வேண்டிய திருப்பலிகூட, இரண்டு பங்குகளுக்கும் சேர்த்து ஒன்று போதும். வெளியிலிருந்து பார்த்தால் சுமை குறைந்த மாதிரிதான் தெரியும்.

உள்ளே வந்து பார்த்தால்தான் எல்லாம் இரண்டு இரண்டாக இருப்பது தெரியும். ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம். ஆகவே இரண்டு நிதிக்குழு, இரண்டு ஆண்டுக் கணக்கு, இரண்டு காப்பீடு, இரண்டு சாவிக்கொத்து. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களை முதல் வழியிலிருந்து கிளப்பியது வேறொன்று: கூரை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய கோயிலின் பீடத்துக்கு மேலே நீர் கசிய ஆரம்பித்தது. அந்தப் பங்கில் ஆள் குறைவு, காணிக்கையும் குறைவு. பழுதுபார்க்கும் தொகை அவர்கள் கையில் இல்லை. பக்கத்துப் பங்கில் பணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த மக்களில் பாதிப்பேர் இந்தப் பழைய கோயிலுக்குத்தான் வந்தார்கள், ஏனென்றால் வசதியான நேரத்துத் திருப்பலி இங்கேதான். ஆனால் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தனி ஆள். அதன் பணம் அதனுடையது. ஒரு பங்கின் பணத்தை இன்னொன்றின் கூரையில் போட வேண்டுமென்றால் அது கடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்கொடை. கடன் என்றால் எப்போது திருப்பித் தருவார்கள் என்ற கேள்வி வரும். நன்கொடை என்றால், எங்கள் மக்கள் எங்கள் கோயிலுக்குத் தந்த காசு என்ற பதில் வரும். இரண்டுமே நியாயம்தான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு பங்கின் பொறுப்பாளர் என்ற முறையில் கடன் கேட்டுப் பங்குத்தந்தை ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதைப் பெற்றுக்கொண்டு மற்ற நிதிக்குழுவின் முன் வைக்க வேண்டியவரும் அவரே. அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் ஒரே பெயர், ஒரே கையெழுத்து. கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசித்தபோது அவரே சிரித்துவிட்டார். இழுபறி முடிவதற்குள் கசிவு மரச்சட்டங்களுக்குப் பரவி, வேலை இரட்டிப்பாகிவிட்டது. கடைசியில் இரண்டு பங்குகளும் செலவழித்த மொத்தம், முதலிலேயே ஒரே கையாக இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம். இணைப்பைப் பற்றிப் பேசும்போது ஆன்மிகம், அடையாளம், சமூகம் என்றெல்லாம் நிறையச் சொல்லப்படும். எல்லாம் முக்கியம்தான். ஆனால் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, பழுதுபார்ப்பது யார் தலையில் விழுகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஏற்பாடு எதுவும் நாலு மழைக்காலம் தாங்காது என்பது என் கருத்து.

இதே கேள்வியை வைத்து மூன்றாவது வழியைப் பார்த்தால் அதன் பலம் தெரியும். 121ஆம் எண் இதற்கென்றே இருக்கிறது. இரண்டு சட்ட ஆள்கள் சேர்ந்து ஒன்றானால், பழையவற்றின் சொத்தும் உரிமையும் புதியதற்கு வரும். கடனும் கடமையும் சேர்ந்தே வரும். கொடையாளர்கள் எதற்காகக் கொடுத்தார்களோ அந்த நோக்கம் மதிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. கூரை இனி ‘அவர்கள் கூரை’ கிடையாது. ஒரே நிதிக்குழு, ஒரே கணக்கு, ஒரே முன்னுரிமைப் பட்டியல். எது முதலில் ஒழுகுகிறதோ அதற்கு முதலில் பணம்.

இங்கே ஆயரின் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும். பங்கு இணைக்கப்பட்டால் சொத்து மக்களோடு புதிய பங்குக்குப் போகும். பங்கு வெறுமனே கலைந்துபோனால், 123ஆம் எண்படி அது மேலே உள்ள அமைப்புக்கு, அதாவது மறைமாவட்டத்துக்குப் போய்விடக்கூடும். அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் 2004இல் பல பங்குகளை மூடியபோது இதுவே பெரிய பிரச்சினையானது. ஒரு பங்கின் மக்கள் இருக்கும்வரை அதன் சொத்தும் அவர்களைத் தொடர்ந்தே போக வேண்டும் என்ற கருத்தில் 2006இல் குருக்கள் பேராயம் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதியது. அதே பாஸ்டனில், சிட்சுவேட் என்ற ஊரின் புனித பிரான்செஸ் சேவியர் கப்ரினி கோயிலில் மக்கள் இரவு பகலாக முறை வைத்துத் தங்கி 11 ஆண்டுகளுக்கு மேல் கோயிலைக் காத்தார்கள். 2016 மே மாதம்தான் வெளியேறினார்கள். கிளீவ்லாந்தில் 13 பங்குகளை மூடிய ஆணைகளை, சட்ட நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று 2012இல் வத்திக்கானே ரத்து செய்துவிட்டது. அவசரப்பட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை போதும்.

பங்கு இணைவதும் கோயில் மூடப்படுவதும் வேறு வேறு காரியங்கள் என்பதை எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணைப்பு ஆணை வந்ததும் எந்தக் கோயிலும் தானாக மூடாது. கோயிலை வழிபாட்டிலிருந்து விலக்க 1222ஆம் எண்படி தனி நடைமுறை, தனிக் காரணம், தனி ஆணை வேண்டும். புதிய பங்குக்குப் புதுப்பெயர் வைக்கலாம். நேர்ந்தளிக்கப்பட்ட கோயிலின் பெயரை மாற்ற முடியாது. ஆக, பங்கின் பெயர் ஒன்று, கோயில்களின் பெயர்கள் பழையபடி இரண்டு. இதைக் கேட்டதும் எங்கள் பழைய கோயில்காரர்களில் பலருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

மீதிப் பாதி இறங்கவில்லை. இரண்டு கோயில்களில் ஒன்றுதான் பங்குக்கோயில் ஆக முடியும். பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு, இனி ஒரு இடத்தில்தான். எங்கே என்பதற்கு மட்டும் எத்தனை கூட்டம்! ஓர் ஆண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று தற்போதைக்கு முடிவு. திருமுழுக்குத் (ஞானஸ்நான) தொட்டி பங்குக்கோயிலில் கட்டாயம் இருக்க வேண்டும். மற்ற கோயிலிலும் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம் என்பதால் கேட்டிருக்கிறோம். திருப்பலி எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. தேவை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு குரு மூன்று திருப்பலிவரை நிறைவேற்ற ஆயர் அனுமதிக்கலாம், அதற்கு மேல் இல்லை. எனவே எல்லாருக்கும் பழகிய திருப்பலி நேரம் அப்படியே நிற்காது. பாடகர் குழுக்கள் இரண்டும் சேர்ந்து முதல்முறை பயிற்சி செய்தபோது ‘தூயவர், தூயவர்’ பாடலில் இரண்டாவது வரியிலேயே மெட்டு பிரிந்தது. இருவரும் நிறுத்தாமல் கடைசிவரை பாடி முடித்தார்கள். விட்டுக்கொடுக்காததில் இரண்டு பங்கும் சளைத்தவை இல்லை.

தயாரிப்பில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது பட்டியல் போடுவதில். கட்டடம், நிலம், வங்கி இருப்பு, கடன் எல்லாவற்றுக்கும் முன்னால் குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த கொடைகளின் பட்டியல்: எந்தப் பெட்டியில் உள்ள பணம் ஏழை மாணவர்களுக்கு, எது இசைக்கருவிக்கு, எந்தக் குடும்பத்தின் நினைவாக ஆண்டுதோறும் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று. பெயர் பொறித்த இருக்கைகளையும் பாத்திரங்களையும் படம் எடுத்து வைத்தோம். ஆணைக்குப் பிறகு இதைத் தேடினால் யாருக்கும் நினைவிருக்காது. பதிவேடுகள் அதைவிட நுணுக்கம். ஆணை நாளோடு பழைய புத்தகங்களை முடித்துவிட்டுப் புதிய பங்கின் பெயரில் புதுப் புத்தகம் தொடங்க வேண்டும். ஆனால் பழைய திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரக் குறிப்புகள் முடியாது. அதில் பெயர் உள்ளவர் நாளை எங்கே திருமணம் செய்தாலும் அந்தக் குறிப்பு இந்தப் பழைய பக்கத்தின் ஓரத்தில்தான் ஏற வேண்டும். ஆகவே புத்தகங்கள் அலமாரியில் எங்கே இருக்கும், சான்றிதழ் தருவது யார் என்பதையும் எழுதி வைத்தோம்.

இனி இரண்டாவது வழி. பெரிய பங்கு அப்படியே தொடரும். சின்னது அதற்குள் கரையும். காகித வேலை மிகக் குறைவு. கணக்கு, பெயர், நிதிக்குழு எதையும் மாற்ற வேண்டியதில்லை. கூரைக் கேள்விக்கும் இது பதில் சொல்கிறது, ஏனென்றால் சொத்து ஒன்றாகிவிடுகிறது. சின்னப் பங்கில் சில குடும்பங்களே மிஞ்சியிருந்தால் இதுவே போதும் என்பேன். இரண்டு பக்கமும் ஓரளவு ஆள் இருந்தால் எனக்குத் தயக்கம். இதை நான் உள்ளிருந்து அனுபவித்ததில்லை. அறிமுகமான ஒரு பங்கில் நடந்ததை வெளியிலிருந்து பார்த்ததுதான். அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஆண்டுகள் கழிந்தும் ‘அந்தக் கோயில் ஆட்கள்’ என்றே அழைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பழைய கோயிலின் பழுது, முன்னுரிமைப் பட்டியலின் கடைசியிலேயே நின்றது. பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையில் அதற்காகப் பேச அவர்களில் ஒருவரும் இல்லை. ஒரே கணக்கு இருந்தால் மட்டும் போதாது, கணக்கைப் பார்க்கும் குழுவில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடித்ததற்கு அதுதான் காரணம். புதிய பங்கில் பேரவையையும் நிதிக்குழுவையும் புதிதாகவே அமைக்க வேண்டியிருப்பதால் இது தானாகவே வாய்க்கிறது.

பல குருக்கள் கூட்டாகப் பொறுப்பேற்று, அவர்களில் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் ஏற்பாடும் 517ஆம் எண்ணில் உண்டு. எங்களுக்கு இருப்பதே ஒரு குரு என்பதால் அதை யோசிக்கவே இல்லை.

ஒன்று மட்டும் முதல் வழிக்குச் சாதகமாகச் சொல்லலாம். நேராக மூன்றாவதில் குதிப்பதைவிட, சில காலம் முதல் வழியில் இருந்துவிட்டுப் போவது நல்லது. பிட்ஸ்பர்க் மறைமாவட்டம் 2018இல் தன் 188 பங்குகளை 57 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பொறுப்பாளரை வைத்து, அதன் பிறகே இணைத்தது. எங்களுக்கும் அந்த இடைக்காலம் உதவியது. யார் எதற்குக் கோபப்படுவார்கள் என்பது முன்பே தெரிந்திருந்தது. இணைந்த பிறகு காணிக்கை கூடுமா குறையுமா, வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் வருவார்களா என்பதை நாங்கள் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் இரண்டு கோயில்களுக்கும் நடுவே தூரம் அதிகம், இரண்டு பக்கமும் தம் கட்டடத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால் முதல் வழியிலேயே இருங்கள், இணைக்க அவசரம் ஒன்றும் இல்லை. கட்டடம் ஒரு பக்கமும் பணம் மறு பக்கமும் இருந்தால் மூன்றாவதைக் கேளுங்கள். ஆணை வந்த பிறகு அதில் குறை இருப்பதாகத் தெரிந்தால் தாமதம் வேண்டாம். மறுபரிசீலனை கேட்டு ஆயருக்கு எழுத 10 நாள்தான். அவர் மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 15 நாள். ஆணை வாசிக்கப்படும் ஞாயிறன்றே அதன் நகலைக் கேட்டு வாங்கி, தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.